படத்தில் பொழுது சரியாகச் சாயவில்லையா? ராமநாதபுரம் கரையில் டைம்லாப்ஸ் எடுப்பவர்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

பள்ளி விடுமுறை விட்டால் மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கு ஆள் வரத்து ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்து அக்கா குடும்பம், கோவையிலிருந்து மச்சான் குடும்பம், போதாததற்கு அவர்கள் கூட்டி வரும் நண்பர்கள். எல்லோருக்கும் இரண்டு வேண்டுதல். ராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தம் ஆட வேண்டும். சூரியன் கடலில் இறங்குவதை டைம்லாப்ஸ் (சில விநாடிக்கு ஒன்றாகப் படமெடுத்து, கோத்து வேகமாக ஓட்டும் வீடியோ) எடுக்க வேண்டும். தீர்த்தம் பிசகில்லாமல் முடிந்துவிடும். டைம்லாப்ஸ்தான் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் என் கைக்கு வந்து சேரும். "மாமா, இது ஏன் இப்படி ஆச்சு?"

வருடா வருடம் பார்த்ததில், வருகிற கோளாறு ஏழெட்டுதான். அதே ஏழெட்டும் திரும்பத் திரும்ப வரும். கேமரா போயிற்று, போன் போயிற்று என்று கொண்டு வந்தவற்றில் நிஜமாகவே கடைக்குப் போக வேண்டியிருந்தவை மிகக் குறைவு. மற்றதெல்லாம் மணல், உப்பு, காற்று, அல்லது தப்பான கரையில் ட்ரைபாட்டை நட்டது.

பொழுது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் சாயும். நாளை மாலைக்குள் காரணம் தெரிந்தாக வேண்டும். படத்தில் என்ன தெரிகிறதோ அதை வைத்துக் கீழே தேடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், பர்ஸைத் திறக்க வைப்பது கடைசியில். காரணம் கிடைத்ததும் நின்றுகொள்ளுங்கள், மீதியைப் படிக்க வேண்டாம்.

## படம் நடுங்குகிறது

எப்படி நடுங்குகிறது என்று முதலில் பாருங்கள். நான்கு விதம் உண்டு. நான்குக்கும் வைத்தியம் வேறு.

### விடாமல் பொடிப்பொடியாக நடுங்கினால்

காற்று. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சான் காற்று பிடித்துத் தள்ளும். மழைக்காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் வாடை. எந்தக் காற்றானாலும் பார்க்க வேண்டியவை இவைதான்.

கேமராவின் தோள்பட்டை வார் தொங்கிக்கொண்டிருந்ததா? பத்தில் ஐந்து நடுக்கம் இந்த வாரால் வருவது. காற்றில் படபடவென்று அடித்து, முழு ட்ரைபாட்டையும் உதறும். கழற்றி வையுங்கள், அல்லது காலில் சுற்றிக் கட்டுங்கள்.

ட்ரைபாட்டின் நடுத்தண்டு உயர்ந்திருந்ததா? அடியோடு இறக்குங்கள். கால்களில் கடைசியாக நீளும் மெல்லிய பகுதியை நீட்டவே வேண்டாம். இடுப்பு உயரம் போதும், முழங்கால் உயரம் இன்னும் நல்லது. காற்று வரும் பக்கம் காரை நிறுத்திவிட்டு அதன் மறைவில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கனம் கட்டச் சொல்லி யாராவது சொல்லியிருப்பார்கள். பையைக் கட்டித் தொங்கவிட்டால் அது ஊஞ்சலாடி நடுக்கத்தைக் கூட்டும். பையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நான் பனை ஓலைப்பெட்டி ஒன்றில் மணலை அள்ளிப்போட்டு, அதைத் தரையில் அழுந்த வைத்து நடுக்கொக்கியோடு இழுத்துக் கட்டிவிடுவேன்.

இத்தனைக்குப் பிறகும் நடுங்கினால் லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசரை அணைத்துப் பாருங்கள். கையில் பிடித்து எடுக்கும்போது உதவுகிற அதே வசதி, ட்ரைபாட்டில் ஏற்றியதும் இல்லாத நடுக்கத்தைத் தேடி அலையும்.

### மெல்ல மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தால்

முதல் பிரேமையும் கடைசி பிரேமையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். தொடுவானம் சாய்ந்திருந்தால் ஒரு கால் மணலில் இறங்கியிருக்கிறது. தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள அரிச்சல்முனையில் மணல் மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், உள்ளே மாவு. காலை மணலில் வைத்தால் போதாது. ஒவ்வொரு காலையும் இரண்டு கையாலும் அழுத்தி, இனி இறங்காது என்கிற வரை திருகி இறக்குங்கள்.

இன்னும் நல்ல வழி மூன்று சிரட்டை. வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து, மணலில் அழுத்திப் புதைத்து, அவற்றின் முதுகில் கால்களை வையுங்கள். இளநீர்க் கடையில் கேட்டால் தேங்காய்ச் சிரட்டை யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். கரையில் கிடக்கும் பவளக் கல்லை எடுத்து வைக்கப் பார்க்கும் ஆட்களும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. பவளத்தைக் கையில் வைத்திருந்தாலே வனத்துறை வழக்குப் போடலாம். வேண்டாம்.

அலை நனைத்த மணல் இறுக்கமாக இருக்கிறதே என்று அங்கே நடாதீர்கள். இங்கே கடலேற்றம் பெரிதாக இராது, ஆனால் ஒரே ஓர் அலை காலடி மணலை உருவிக்கொண்டு போகப் போதும்.

சிமென்ட் தரையில் வைத்தும் சாய்கிறதென்றால் தலைப்பகுதி வழுக்குகிறது. திருகை இறுக்குங்கள். போன் ஹோல்டர் என்றால் ரப்பர் வழவழத்துப் போயிருக்கும். புது ஹோல்டர் வாங்கிவிடுங்கள், ரப்பர் ஒட்டி மாரடிக்க வேண்டாம். ட்ரைபாட் தலை எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லையென்றால், முதலில் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். உப்பும் மணலும் பிடித்த திருகு இறுகிய மாதிரி கைக்குத் தெரியும், உள்ளே இறுகியிருக்காது. கழுவியும் நிற்காவிட்டால் தலையை மாற்றத்தான் வேண்டும்.

### நன்றாகப் போய்க்கொண்டிருந்து ஒரே ஓர் உலுக்கல்

யாரோ தட்டினார்கள். அரிச்சல்முனையில் சாலை முடியும் வட்டத்தில், சுற்றுச்சுவர் மேல் ட்ரைபாட்டை வைத்தால் பக்கத்தில் ஒருவர் சாய்ந்தாலே உலுக்கல் விழும். பாம்பன் சாலைப் பாலத்தில் இன்னொரு விதம். பஸ் கடக்கும்போது தளமே அதிரும். எந்த ட்ரைபாட்டும் அதைத் தாங்காது. அங்கே வண்டியை நிறுத்தினால் போலீஸ் விரட்டுவார்கள் என்பது தனி. பாலம் படத்தில் வேண்டுமென்றால் கீழே கரையில் இறங்கி எடுங்கள்.

எடுத்த படத்தைக் காப்பாற்றலாம். புகைப்படங்களாக எடுத்திருந்தால் உலுக்கல் விழுந்த ஐந்தாறு படங்களைத் தூக்கிவிட்டுக் கோத்தால் கண்ணுக்குத் தெரியாது.

### தொடுவானம் அசையாமல், முன்னால் இருப்பவை மட்டும் ஆடினால்

நங்கூரமிட்ட படகுகள். கோளாறே இல்லை, ஆனால் பார்க்க எரிச்சலாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரைக்கு வந்து நிற்கும். ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் எந்தப் பக்கம் திருப்பினாலும் கொடிக்கம்பு துள்ளும். கரையில் இழுத்துப் போட்ட நாட்டுப்படகு ஒன்றை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அது அசையாது.

### எப்போது கடைக்கு?

போனை மேசை மேல் அசையாமல் வைத்தும் திரையில் படம் துடிக்கிறது, காதில் வைத்தால் கேமரா பக்கம் ரீங்காரம் கேட்கிறது என்றால் உள்ளே ஸ்டெபிலைசர் பழுது. போனை பைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு தனுஷ்கோடி வரை வருபவர்களுக்கு இது வரும். இன்ஜின் அதிர்வு அந்தப் பொடிப் பாகங்களைக் கெடுக்கும். கேமரா மாட்யூலை மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை டைம்லாப்ஸை மறந்துவிடுங்கள்.

## வெளிச்சம் கூடிக் குறைந்து மினுக்குகிறது

### போனில் எடுத்திருந்தால்

தானியங்கி வெளிச்சம். மேகம் ஒன்று சூரியனைக் கடந்தாலும், ஒரு குடும்பம் முன்னால் நடந்தாலும் போன் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும். திரையில் சூரியனுக்குக் கொஞ்சம் பக்கவாட்டில், பளிச்சென்ற வானத்தில் விரலை அழுத்திப் பிடியுங்கள். பூட்டு அடையாளமோ ஏஇ/ஏஎஃப் லாக் என்ற எழுத்தோ வரும். பிறகு விரலைக் கீழே இழுத்துச் சற்று இருட்டாக்குங்கள்.

பூட்டினால் கடைசி ஐந்து நிமிடம் இருட்டாகிவிடுகிறது என்று தங்கை மகன் சண்டைக்கு வந்தான். ஆமாம், ஆகும். பொழுது சாய்ந்தால் இருட்டத்தானே செய்யும்? மினுக்குகிற வெளிச்சத்தைவிட இருட்டில் முடிகிற படம் எனக்கு ஆயிரம் மடங்கு மேல். சூரியன் மறைந்த பிறகான சிவப்பும் ஊதாவும் வேண்டுமென்றால் அதைத் தனியாக, புதிதாகப் பூட்டி எடுத்து இரண்டையும் ஒட்டுங்கள்.

வெளிச்சம் சரியாக இருந்து நிறம் மட்டும் திடீரென மஞ்சளிலிருந்து நீலத்துக்குத் தாவினால், வொயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்வது) ஆட்டோவில் இருக்கிறது, அல்லது போன் தானாக இன்னொரு லென்ஸுக்கு மாறியிருக்கிறது. ப்ரோ மோட் இருந்தால் வொயிட் பேலன்ஸை வெயில் அடையாளத்தில் வையுங்கள். ஜூம் தொடவே தொடாதீர்கள்.

### கேமராவில் எடுத்திருந்தால்

எல்லாவற்றையும் மேனுவலில் வைத்தும் மினுக்குகிறதா? ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸின் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் புகும் துளை, மூடித் திறக்கிறது. ஒவ்வொரு தடவையும் இம்மி பிசகாமல் அதே அளவுக்கு மூடாது. செலவில்லாத சோதனை: அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வைத்து ஐம்பது படம் எடுத்துப் பாருங்கள். மினுக்கல் போய்விட்டால் காரணம் அதுதான். முழுக்கத் திறந்தால் வெளிச்சம் கூடிவிடும் அல்லவா, அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டர் வாங்க வேண்டியிருக்கும். ஃபில்டர் போட்டால் இன்னொரு லாபம்: ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் திரை) மெதுவாகி அலைகள் வெட்டி வெட்டித் துள்ளாமல் பாலாகப் பரவும். மூன்று விநாடிக்கு ஒரு படம் என்றால் ஷட்டர் ஒன்று, ஒன்றரை விநாடி திறந்திருந்தால் அழகு.

எடுத்து முடித்த படத்தில் மினுக்கல் இருந்தால் டீஃப்ளிக்கர் (மினுக்கலை நீக்கும்) வசதியுள்ள எடிட்டிங் மென்பொருளில் கொடுத்துப் பாருங்கள். லேசான மினுக்கல் போய்விடும்.

### எப்போது கடைக்கு?

முழுக்கத் திறந்த அப்பர்ச்சரிலும், பூட்டிய ஷட்டரிலும், சில படங்கள் மட்டும் பாதி கருப்பாகவோ ஓரம் இருட்டாகவோ வந்தால் ஷட்டர் திரை தேய்ந்திருக்கிறது. டைம்லாப்ஸ் ஷட்டரை வதைக்கும் வேலை. ஒரு மாலைக்கு 900 படம், பத்து நாள் விடுமுறைக்கு 9,000. பழைய கேமராவில் இன்னும் ஓட்டாமல் காட்டிவிடுங்கள்.

## படம் முழுக்கப் புகை மூடிய மாதிரி இருக்கிறது

இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். என் மச்சானையே இதில் ஏமாற்றினார்கள். மதுரையில் ஒரு கடையில் லென்ஸுக்குள் பூஞ்சை என்று சொல்லிக் கழற்றிப் பூட்டியதற்கு ஒரு நல்ல தொகையை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த விடுமுறையில் அதே மங்கல். நான் பார்த்தபோது முன் கண்ணாடியில் உப்புப் படலம், அவ்வளவுதான். நல்ல தண்ணீர் இரண்டு சொட்டில் போய்விட்டது.

### முதலில் மங்கி, பத்து நிமிடத்தில் தானே தெளிந்தால்

ஏசி. குளிர்ந்த அறையிலிருந்தோ காரிலிருந்தோ எடுத்து வந்த கண்ணாடி மேல் கடல்காற்றின் ஈரம் வியர்த்துவிடுகிறது. துடைத்தால் மறுபடி வியர்க்கும், துடைக்காதீர்கள். நாளை கிளம்பும் அரை மணிக்கு முன்பே கேமராவைப் பையில் மூடியபடி ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். காரில் டிக்கி நல்ல இடம். பையைக் கரைக்குப் போய்த்தான் திறக்க வேண்டும்.

### ஆரம்பத்தில் தெளிவாக இருந்து, போகப் போக மங்கினால்

உப்பு. காற்று அடிக்கும் நாளில் ஆண் கடல் பக்கம் நின்றால் முக்கால் மணி நேரத்தில் கண்ணாடி மேல் பிசுபிசுப்பு ஏறிவிடும். (மன்னார் வளைகுடா அலையடிக்கும் ஆண் கடல், பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும் பெண் கடல் என்பது தனுஷ்கோடிப் பேச்சு. வாடைக் காலத்தில் பெண் கடலும் சும்மா இராது.) சூரியனைச் சுற்றிப் பெரிய வெள்ளை வளையம் படர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

சட்டை நுனியாலும் சேலைத் தலைப்பாலும் துடைப்பதை நிறுத்துங்கள். அதில் மணல் இருக்கும், உப்பே கீறும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதுங்கள், வாயால் வேண்டாம். பிறகு கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியின் ஒரு மூலையில் குடிதண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, அழுத்தாமல் துடையுங்கள். உப்பு தண்ணீரில்தான் கரையும், உலர்ந்த துணிக்கு மசியாது. கடைசியில் காய்ந்த மூலையால் ஒரு தடவை. அடுத்த நாள் சூரியன் இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு நிறுத்தி, துடைத்து, மறுபடி தொடங்கலாம். அல்லது ஆரம்பிக்கும் வரை லென்ஸ் மூடியைப் போட்டு வைத்திருக்கலாம்.

போனில் துடைத்தும் போகவில்லையா? கேமரா மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைப் பாருங்கள். அதன் அடியில் உப்பும் ஈரமும் புகுந்திருக்கும். பிய்த்து எறியுங்கள். விடுமுறை முடிந்து புதிது ஒட்டிக்கொள்ளலாம்.

### மங்கல் இல்லை, ஆனால் சூரியனுக்கு எதிர்ப்புறம் ஒரு பச்சைப் பொட்டு

சூரியன் லென்ஸுக்குள் பட்டுத் திரும்பும் நிழல். சூரியன் இறங்க இறங்க அது ஏறும், பேய் மாதிரி. லென்ஸ் முன்னால் மாட்டும் யூவி ஃபில்டர் கண்ணாடியோ மேலே சொன்ன பாதுகாப்புக் கண்ணாடியோ இருந்தால் கழற்றுங்கள், பெரும்பாலும் குறையும். போகாவிட்டால் சட்டகத்தைக் கொஞ்சம் திருப்பி அந்தப் பொட்டை இருண்ட மணல் மேலோ படகு மேலோ விழ வையுங்கள்.

### தொடுவானம் மட்டும் மங்கல், கரை தெளிவு

அது வானத்தின் மங்கல். கோடையில் அடிவானத்தில் தூசும் ஈரமும் சேர்ந்து, சூரியன் கடலைத் தொடுவதற்கு முன்பே கரைந்து காணாமல் போகும். கேமராவைத் திட்டிப் பயனில்லை. மழை பெய்து விட்ட மறுநாள் மாலைக்குக் காத்திருங்கள்.

### எப்போது கடைக்கு?

இருட்டறையில் லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி, வேர் மாதிரி கிளைவிட்டுத் தெரிந்தால் பூஞ்சை. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தூசு, ஒன்றும் செய்ய வேண்டாம். பூஞ்சை என்றால் நீங்களே திறக்காதீர்கள். வேலை தொடங்கும் முன் அதே டார்ச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையிலிருந்து லென்ஸை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடலாம்.

## சூரியன் கடலில் இறங்கவில்லை

கேமராக் கோளாறு என்று இதையும் கொண்டு வந்தார் ஒருவர். தேவிபட்டினத்தில் எடுத்தது. தேவிபட்டினம் கிழக்கு பார்த்த கரை. அங்கே சூரியன் கடலிலிருந்து எழும், ஊருக்குள் அடையும். அவரிடம் எதைச் சொல்லித் தேற்றுவது?

நமது கரையில் எந்த இடம் என்பதோடு எந்த மாதம் என்பதும் முக்கியம். சூரியன் மறையும் புள்ளி டிசம்பர் கடைசிக்கும் ஜூன் கடைசிக்கும் இடையில் ஏறத்தாழ 47 டிகிரி நகர்கிறது. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி. அப்படிக் கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி. போன வருடம் அண்ணன் எடுத்த அதே இடத்தில் நின்றேன் என்பது செல்லாது, அவர் டிசம்பரில் வந்திருப்பார்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை மேற்குக்குத் தெற்கே இறங்கும். அரிச்சல்முனையில் மேற்கு பார்த்து நின்றால் இடது பக்கம், மன்னார் வளைகுடாவின் திறந்த கடலில். இங்கே டைம்லாப்ஸுக்கு இதுதான் பருவம். அதே நாட்களில் அரியமான் போனால் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் போய்விடும், அது வடக்கு பார்த்த கரை.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மேற்குக்கு வடக்கே நகர்ந்துவிடும். அரிச்சல்முனையில் மணல்திட்டுச் சாலையை நெருங்கி இறங்கும். சேதுக்கரை போன்ற தெற்கு பார்த்த கரைகளில் தரைப் பக்கம், பனைகளுக்குப் பின்னால் போகும். பனை வரிசைக்குப் பின்னால் இறங்கும் சூரியன் ஒன்றும் குறைச்சலில்லை, எனக்குக் கடலைவிட அதுதான் பிடிக்கும். தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாம்பன் பக்கத்துக் குந்துகாலில் எடுப்பதானால் எதிரே குருசடைத் தீவு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். முதல் நாள் மாலை சும்மா போய், சூரியன் எங்கே இறங்குகிறது என்று போனில் ஒரு சாதாரணப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். மறுநாள் அதே கோணம். இதைவிடப் பெரிய செயலி எதுவும் வேண்டாம்.

நேரத்திலும் சறுக்குவார்கள். நவம்பர் நடுவில் இங்கே 5.50 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும், ஜூலையில் 6.35 தாண்டும். விளிம்பு கடலைத் தொட்டதிலிருந்து முழுக்க மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். டீ குடித்துவிட்டு வரலாம் என்றால் டீதான் மிச்சம்.

## பாதியில் நின்றுவிட்டது

அரிச்சல்முனையில் மட்டும் நிற்கிறதா? அங்கே போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்து "இலங்கைக்கு நல்வரவு" என்று செய்தி அனுப்பும். சிக்னலைத் தேடித் தேடி பேட்டரியைத் தின்னும், சூடாகும். ஃப்ளைட் மோடில் போடுங்கள். அழைப்பு வந்து பதிவு அறுந்துபோவதும் இதோடு தீரும்.

சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை வந்ததா? மாலை வெயில் நேரே போனின் மேல். கருப்பு உறையைக் கழற்றுங்கள், மேலே ஈரமில்லாத வெள்ளைத் துண்டைக் கூரையாகப் பிடியுங்கள், சார்ஜ் ஏற்றிக்கொண்டே எடுக்காதீர்கள். பவர் பேங்க் வேண்டியதில்லை; முழு சார்ஜில் கிளம்பிய நல்ல பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும். தாங்கவில்லையென்றால் பேட்டரி வயதாகிவிட்டது, மாற்றுவதற்குக் காசு எடுத்து வையுங்கள். போனின் முதுகு உப்பியிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள், அன்றைக்கே கடைக்குப் போங்கள்.

ஒவ்வொரு தடவையும் சரியாக அரை மணி நேரத்தில் நின்றால் பழைய கேமராவில் வீடியோவாக எடுத்திருக்கிறீர்கள். பலவற்றில் 29 நிமிடம் 59 விநாடிதான் எல்லை. இடைவெளி விட்டுப் புகைப்படமாக எடுக்கும் இன்டர்வல் முறைக்கு மாறுங்கள்.

இடம் நிரம்பியது என்றால் சொல்ல ஒன்றுமில்லை. 22 தீர்த்தத்தையும் 4கே-யில் எடுத்ததை முதலில் இறக்கிவையுங்கள்.

கேமரா நிற்கவில்லை, உங்களை நிறுத்தினார்களா? தனுஷ்கோடிச் சாலையில் போலீஸ் சோதனைச் சாவடியின் நேரக் கட்டுப்பாடு உண்டு; இருட்டும் வரை தங்க விடமாட்டார்கள். நேரம் அவ்வப்போது மாறும், உள்ளே போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்த பிறகான நிறத்தை எடுப்பதானால் பாம்பன் பக்கத்துக் கரைகளே தோது. ட்ரோன் கொண்டு வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது, எதிரே சர்வதேச எல்லை. அனுமதித் தாள் இல்லாமல் பையைக்கூடத் திறக்க வேண்டாம்.

## படம் ஐந்து விநாடியில் முடிந்துவிடுகிறது

கணக்குப் பிழை. 60 மடங்கு வேகத்தில் ஐந்து நிமிடம் எடுத்தால் ஐந்து விநாடிதான் வரும். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பு தொடங்கி, மறைந்து கால் மணி வரை விடுங்கள். கேமரா என்றால் மூன்று விநாடிக்கு ஒன்று வீதம் 45 நிமிடத்தில் 900 படம். விநாடிக்கு 30 பிரேம் ஓட்டினால் 30 விநாடி. ஐபோன் தானே வேகத்தை மாற்றிக்கொள்ளும், எவ்வளவு நேரம் எடுத்தாலும் 20 முதல் 40 விநாடிக்குள் முடித்துவிடும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

## வானத்தில் நகராத கரும்புள்ளிகள்

பறவை என்றால் நகரும். நகராதது, கேமராவுக்குள் படம் பதியும் சென்சார் மேல் உள்ள தூசு. அப்பர்ச்சரை எஃப் 16-லிருந்து எஃப் 5.6-க்குத் திறந்து பாருங்கள், புள்ளி மறைந்தால் உறுதி. வீட்டுக்குள், மின்விசிறியை அணைத்துவிட்டு, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் ஊதியால் ஊதுங்கள். கடற்கரையில் லென்ஸைக் கழற்றவே கூடாது. ஊதியும் போகாத புள்ளியைக் கடையில் ஈரமாகத் துடைத்து எடுக்க வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியால் முயன்ற ஒருவரின் கேமராவைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

நகராத கரும்புள்ளிக்குப் பதிலாக ஊதா நிறத் தழும்போ கோடோ எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருந்தால் சென்சார் சுட்டுவிட்டது. சூரியன் இன்னும் உயரத்தில் இருக்கும்போதே பெரிய ஜூம் லென்ஸை அதன் மேல் நீட்டிவைத்ததன் விளைவு. இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. கண்ணாடி வழியாக நேரே பார்க்கும் வ்யூஃபைண்டர் உள்ள கேமராவில் கண்ணுக்கும் இதே கதி. திரையில் பார்த்தே சட்டகம் அமையுங்கள்.

## வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வானம் படிப்படியாகக் கோடு விழுகிறது

உங்கள் போனில் சரியாக இருக்கிறதா? அப்படியானால் படத்தில் குற்றமில்லை, அனுப்பும்போது நசுக்கப்படுகிறது. வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

## உப்புத் தண்ணீர் பட்டுவிட்டது, மணல் நறநறக்கிறது

இதில் மட்டும் வரிசை தலைகீழ்: தொழில் தெரிந்தவரை முதலில் நினையுங்கள்.

போன் அலையில் விழுந்தால் அணையுங்கள். சார்ஜில் போடாதீர்கள். நீர்புகாது என்பதற்கான ஐபி68 குறி பெட்டியில் இருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது, கடல் தண்ணீரில் செய்ததல்ல. நீர்புகாத போன் என்றால் உறையைக் கழற்றி நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, துடைத்து, ஓட்டை கீழே இருக்கும்படி நிறுத்திவையுங்கள். அரிசி டப்பாவில் புதைப்பது அரிசிக்கும் கேடு, போனுக்கும் கேடு. தவிட்டுத் தூள் உள்ளே போகும். சார்ஜ் துளையில் ஈரம் என்ற எச்சரிக்கை ஒரு நாள் கழித்தும் போகாவிட்டால் கடை.

நீர்புகாத தன்மை இல்லாத கேமராவில் அலை அடித்திருந்தால் பேட்டரியையும் கார்டையும் உடனே கழற்றுங்கள். கழுவாதீர்கள், ஆன் ஆகிறதா என்று பார்க்காதீர்கள். ஆசை யாரையும் விடாது. பட்டனை அழுத்திப் பார்த்த நொடியில்தான் பல கேமராக்கள் செத்தன. உப்பு உள்ளே காயக் காய அரிக்கும், எனவே விடுமுறை முடியட்டும் என்று தள்ளிப் போடவும் கூடாது.

மணல் என்றால் ஒலியைக் கேளுங்கள். ஜூம் வளையத்தில் லேசான உரசல் மட்டும் என்றால் லென்ஸைத் தலைகீழாகப் பிடித்து, வளையத்தைத் திருப்பாமல் பிரஷால் தட்டி, ஊதி எடுங்கள். திருப்பும்போது நறநறவென்று தடுக்கினால் அதற்கு மேல் ஒரு சுற்றுகூடத் திருப்ப வேண்டாம். உள்ளே மூக்கு நீண்டு சுருங்கும் சின்ன டிஜிட்டல் கேமராக்களில் மணல் புகுந்தால் பழுது பார்க்கும் செலவு பெரும்பாலும் கேமரா விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

போனுக்கு ராமேசுவரத்திலும் ராமநாதபுரத்திலும் கடைகள் உண்டு. கேமரா, லென்ஸ் என்றால் மதுரைதான் பக்கம். கிளம்பும் முன் போனில் கூப்பிட்டு உங்கள் மாடலைத் திறப்பார்களா என்று கேளுங்கள். என்ன மாற்றுவார்கள், எவ்வளவு ஆகும் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள், மாற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள். கார்டை மட்டும் கடையில் கொடுக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நேற்று மாலை எடுத்தது அதில் இருக்கிறது.